ஆட்சென்ஸ் கணக்கை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா நடத்தும் ஜெராக்ஸ், டிடிபி கடையில் உதவியாக இருக்கிறேன். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தமிழ்த் தளம் வைத்திருக்கிறேன். கடலூர் - புதுச்சேரி பேருந்து நேரம், கோயில் திருவிழாக்கள், அரசு வேலை அறிவிப்புகள் போடுகிறேன். நண்பர் ஒருவர் கட்டணத் தீம் (தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். படங்கள் கூகுளில் தேடி எடுத்தவை. தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்தால் 'மதிப்பு குறைந்த உள்ளடக்கம்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்கெனவே அனுமதி கிடைத்த கணக்கை 6,000 ரூபாய்க்குத் தருவதாகப் புதுச்சேரியில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? டிசைனுக்குத் தேவையானவை இலவசமாக எங்கே கிடைக்கும்? மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பதில்: வாங்காதீர்கள். ஆட்சென்ஸ் கணக்கு கைமாற்றக் கூடியதல்ல. யார் பெயரில் திறந்தார்களோ அவர் பெயரில்தான் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் கூகுள் அந்த முகவரிக்கு ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். அது விற்றவர் வீட்டுக்குப் போகும், உங்கள் வீட்டுக்கு வராது. நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். இதையெல்லாம் எப்படியோ சமாளித்தாலும், பணம் சேர்ந்த பிறகு கூகுள் கணக்கை மூடினால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது. அந்த ஆறாயிரத்தில் நல்ல ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) ஒரு வருடத்துக்கு வாங்கிவிடலாம்.

மறுப்புக்குக் காரணம் தமிழ் அல்ல. 2018 பிப்ரவரியிலிருந்து ஆட்சென்ஸ் தமிழை ஏற்கிறது. காரணம் தளத்துக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே மூன்று இடங்களைச் சந்தேகப்படுகிறேன்.

முதலில் அந்த நண்பர் கொடுத்த தீம். வேர்ட்பிரஸ் தீம்கள் பெரும்பாலும் பிறருக்குப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை, ஆகவே பகிர்ந்ததையே குற்றமென்று சொல்லமாட்டேன். சிக்கல், பூட்டை உடைத்துக் கைமாறும் பிரதிகளில் யாரோ நடுவில் செருகி வைக்கும் வரிகளில். அவை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் சூதாட்டத் தளங்களுக்கு இணைப்பு கொடுக்கும், சில சமயம் புதிய நிர்வாகி கணக்கையே உருவாக்கிவிடும். இன்றே செய்ய வேண்டியது இதுதான்: பயனர் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் டொமைனைக் கூகுளில் தேடி, நீங்கள் எழுதாத பக்கம் ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு அந்தத் தீமைச் செயலிழக்கச் செய்வதோடு நிற்காமல் அடியோடு அழித்துவிட்டு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ தீம் தொகுப்பில் ஜெனரேட்பிரஸ், ஆஸ்ட்ரா, காடன்ஸ் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகள் இருக்கின்றன. உங்கள் வேலைக்கு அவற்றில் எதுவும் போதும். முகப்பில் நகரும் படங்களும் மிதக்கும் பட்டன்களும் பேருந்து நேரம் பார்க்க வந்தவருக்கு எதற்கு?

இரண்டாவது, எழுத்துரு. உங்கள் கடையைப் பற்றிச் சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்த் தளங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிறார்கள். பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். ஆனால் அந்த எழுத்தை அப்படியே தளத்தில் ஒட்டினால், கூகுளுக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளின் குழப்பம் மட்டுமே. அதை ஜேபெக் படமாக மாற்றிப் போட்டாலும் அதே கதைதான், அந்தப் பக்கத்தில் படிக்க எதுவும் இல்லை என்றே தேடுபொறி நினைக்கும். அறிவிப்புகளைப் படமாகவே ஏற்றியிருந்தால், 'மதிப்பு குறைந்த உள்ளடக்கம்' என்ற பதிலுக்கு அதுவே போதும். பழைய கோப்புகளை என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில், எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி தட்டுவதை நேரடியாக யூனிகோடிலேயே தட்டுங்கள்.

தளத்துக்கு எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பதிவின் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர், தலைப்புக்கு வேண்டுமானால் கட்டமரன். இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம், கனமும் சாதா, தடித்தது என்று இரண்டே போதும். ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்குகிறது, அதை இறக்குவது பேருந்து நிலையத்தில் நிற்பவரின் மொபைல் டேட்டா.

ஆங்கிலத் தளங்களுக்காகச் செய்த தீம்களில் தமிழுக்குப் பொருந்தாத மூன்று அமைப்புகள் எப்போதும் ஒளிந்திருக்கும். ஒன்று, எழுத்து இடைவெளி. தலைப்புகளில் அதைக் கூட்டி வைத்திருப்பார்கள், தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். பூஜ்யமாக்குங்கள். இன்னொன்று, வரி உயரம். நம் எழுத்துகளுக்கு மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் இடம் வேண்டும், ஆகவே 1.7 அளவில் வையுங்கள். எழுத்தளவு மொபைலில் 17 அல்லது 18 பிக்சல். அடுத்தது சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி தானாகச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. மேற்கோளுக்கு நிறமோ ஓரக் கோடோ கொடுங்கள். இன்னும் ஒன்று: 'திருப்பாதிரிப்புலியூர்' சின்னத் திரையில் ஒரு வரியில் அடங்காமல் பக்கத்தையே பக்கவாட்டில் இழுத்துவிடும். நீண்ட சொல்லை மடக்கும் அமைப்பை ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

மூன்றாவது, படங்கள். கூகுள் தேடலில் தெரிவதெல்லாம் யாருடைய சொத்தோ. பொதுவான படங்களுக்கு அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே உண்டு, வணிகத் தளத்திலும் பயன்படுத்தலாம். விக்கிமீடியா காமன்ஸில் நம் ஊர்ப் படங்கள் நிறையவே கிடைக்கும், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழே போட வேண்டும். என்னைக் கேட்டால், தேவனாம்பட்டினம் கடற்கரையை வெளிநாட்டுப் படக் கிடங்கில் தேடுவது வீண் வேலை. உங்கள் கைபேசியில் எடுங்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில், கோப்பின் அளவு குறையும் வெப்பி (WebP) பட வடிவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள். கோயிலுக்குள் எடுக்கும் முன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐகான்களுக்கு கூகுளின் மெட்டீரியல் ஐகான்ஸ் இலவசம்.

இனி உள்ளடக்கம். அரசுத் தேர்வாணைய அறிவிப்பை நகலெடுத்துப் போடும் தளங்களுக்குக் கணக்கே இல்லை. கூகுளுக்கு இன்னொன்று தேவையில்லை. ஆனால் உங்கள் கடைக்கு அந்த விண்ணப்பத்தோடு ஆட்கள் வருகிறார்கள் அல்லவா? எந்தச் சான்றிதழை மறந்து வருகிறார்கள், புகைப்படமும் கையெழுத்தும் எத்தனை கேபிக்கு மேல் போனால் ஏற்க மறுக்கிறது, சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் எங்கே போய் நிற்க வேண்டும்? சென்னையில் உட்கார்ந்து நகலெடுப்பவருக்கு இது தெரியாது. இதை எழுதுங்கள்.

பேருந்து நேரமும் அப்படித்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றிப் போக வேண்டும், எனவே பேருந்துதான் கதி. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கன்னியக்கோயில் வழியா பாகூர் வழியா, தமிழ்நாட்டு வண்டியா புதுச்சேரி வண்டியா என்பதெல்லாம் மக்கள் தினமும் தேடுவது. நிலையத்தில் நின்று நீங்களே குறித்து, குறித்த தேதியையும் பக்கத்திலேயே போடுங்கள். திருவிழாப் பக்கங்களை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், தைப்பூசத்துக்கு வடலூர், ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் என்று தேடல் கூடும் நாட்கள் நமக்கு முன்பே தெரியும். அன்று காலையில் ஏற்றினால் கூகுள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் சாமி கோயிலுக்குத் திரும்பிவிடும்.

பழைய நகல் பதிவுகளை அழியுங்கள் அல்லது திருத்துங்கள். எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தளத்தைப் பற்றி, தொடர்பு, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கட்டும். குக்கீ (வாசகரின் உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல்) பயன்பாட்டைச் சொல்லும் தனியுரிமைப் பக்கத்தை ஆட்சென்ஸ் விதியே கேட்கிறது. சில வாரங்கள் கழித்து மறுபடி விண்ணப்பியுங்கள்.

அனுமதி வந்ததும் பலர், இடத்தைக் கூகுளே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ விளம்பரத்தை முழுதாகத் திறந்துவிடுவார்கள். பேருந்து அட்டவணைக்கு நடுவே விளம்பரம் வந்து விழும், படிப்பவர் விரல் தவறிப் படும். தவறிப் படும் கிளிக்கைக் கூகுள் எளிதில் கண்டுபிடித்துவிடும். அட்டவணைக்கும் 'பதிவிறக்கு' பட்டனுக்கும் பக்கத்தில் விளம்பரம் வேண்டாம். தலைப்புக்கும் முதல் பத்திக்கும் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று போதும். விளம்பரம் வரும் இடத்தின் உயரத்தை முன்பே ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் அது ஏறும்போது எழுத்து கீழே குதிக்கும். தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் இந்தக் குதிப்புக்கு மதிப்பெண் தரும், 0.1-க்குள் இருந்தால் நல்லது. முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். உங்கள் கடைக் கணினிகளில் யாரும் அந்த விளம்பரங்களைத் தொடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் 'கிளிக் பண்ணுங்க' என்று கேட்பது கணக்கை மூட வைக்கும் நிச்சயமான வழி. அதோடு, 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கிளிக்குக்கு அல்ல, விளம்பரம் காட்டப்படுவதற்குத்தான் கணக்குப் பார்க்கிறது.

இப்போது பணம். கூகுள் விளம்பரங்கள் வழியாக வருவதில் விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவீதம் தள உரிமையாளருக்கு. ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு என்பது பார்ப்பவர் எங்கே இருக்கிறார், எந்த விளம்பரதாரர் போட்டி போடுகிறார் என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும், அதாவது 8,000 ரூபாய்க்கு மேல். அதற்கு 2 லட்சம் பார்வைக்கு மேல் வேண்டும். ஒரு மாவட்டத் தளத்துக்கு இது சில மாதங்களின் உழைப்பு.

ஆகவே என் கருத்து, உங்கள் தளத்துக்கு ஆட்சென்ஸ் துணை வருமானமாகத்தான் இருக்க வேண்டும். பண்ருட்டி முந்திரி மொத்த வியாபாரி, சிதம்பரத்துத் தங்கும் விடுதி, பிச்சாவரம் போகிறவர்களுக்கு வாடகை வண்டி விடுபவர், திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக் கடை இவர்களுக்கு உங்கள் வாசகர்கள்தான் வாடிக்கையாளர்கள். மாதம் 500 ரூபாய் வீதம் ஆறு பேர் கிடைத்தால் 3,000 ஆயிற்று, அதே நாற்பது ரூபாய்க் கணக்கில் அது 75,000 பார்வைக்குச் சமம். கேட்கப் போகும்போது பார்வை எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள். 'இந்த மாதம் வடலூர்ப் பக்கத்தை இத்தனை பேர் பார்த்தார்கள், அதில் கடலூர் மாவட்டத்தவர் இத்தனை பேர்' என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள், அச்சு இயந்திரம் உங்கள் கையில்தானே இருக்கிறது. விளம்பரத்துக்கு மேலே 'விளம்பரம்' என்று எழுதுங்கள். அதில் வரும் இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு' என்ற குறியீடு சேருங்கள், 2019 முதல் கூகுள் கேட்பது இது.

எந்த விளம்பரத்தை வாங்கக் கூடாது என்பதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. மதுக்கடைக்காரர் சோடா பெயரில் விளம்பரம் தருவார். 2022-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட மறைமுக விளம்பரத்தைத் தடுக்கின்றன. ரம்மி ஆட்கள் மின்னஞ்சலில் வருவார்கள், ஒரே பதிவுக்குப் பெரிய தொகை சொல்வார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. பதில்கூட எழுத வேண்டாம்.

கடைசியாகக் காகித வேலை. பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஆட்சென்ஸ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும், தலைப்பெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் வேண்டாம். முகவரியில் கடைப் பெயரையும் தெருவையும் தபால்காரருக்குப் புரியும்படி எழுதுங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் உங்கள் வங்கிக் கிளையில், வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கி அடையாளமான ஸ்விஃப்ட் குறியீடு கேட்டு வாங்குங்கள், முதல் தடவை வங்கி எதற்கான பணம் என்று கேட்டால் இணைய விளம்பர வருமானம் என்று சொல்லுங்கள். 100 டாலரைத் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில் கூகுள் அனுப்பும். உள்ளூர்க் கடைகளுக்கு ரசீது புத்தகம் போடுங்கள். இரண்டு வருமானத்தையும் சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் அது இப்போதைக்கு உங்கள் பிரச்சினை அல்ல. அப்பா கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.