அறியாமல் வந்த மெட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வயது 26. பகலில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறேன், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கப் போகிறேன். போன வருடம் முதல்முறையாக நானே ஒரு பாட்டு போட்டு யூடியூபில் ஏற்றினேன். மூன்றாம் நாள் ரிகர்சலில் எங்கள் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன், "பல்லவி அப்படியே ஒரு இங்கிலீஷ் பாட்டு தம்பி, எங்கேருந்து சுட்டே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். ஒத்துத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன் அதைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அன்று ராத்திரியே என் பாட்டை எடுத்துவிட்டேன்.

பிறகு பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வழக்கைப் பற்றிப் படித்தேன். தெரியாமல் எடுத்தாலும் எடுத்ததுதான் என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். அதைப் படித்ததிலிருந்து கீபோர்டில் கை வைத்தாலே பயமாக இருக்கிறது. மனதில் எழும் மெட்டு என்னுடையதுதான் என்று எப்படி நம்புவது? இருப்பது ஏழு ஸ்வரம். எதுவரைக்கும் இன்ஸ்பிரேஷன், எங்கே திருட்டு ஆரம்பிக்கிறது?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

அந்த அண்ணன் உங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் வலியில் பாதி அந்த ரிகர்சல் அறையில் பட்டது. மீதிப் பாதிக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் படித்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' 1970-இல் வந்தது. அது 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டின் நகல் என்று மறு வருடமே வழக்குப் போட்டார்கள். 'ஹீஸ் ஸோ ஃபைன்' 1963-இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடி, அமெரிக்காவில் 4 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. எழுதியவர் ரானி மேக் என்ற இளைஞர். வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன், ஓபரா எழுதிய இசையமைப்பாளரும்கூட. அதனால் அந்தத் தீர்ப்பை ஒரு இசைப்பாடம் போலவே படிக்கலாம்.

கீபோர்டு பக்கத்தில் இருந்தால் வாசித்துக்கொண்டே படியுங்கள். பாட்டை அவர் இரண்டு துணுக்காகப் பிரிக்கிறார். முதல் துணுக்கு ப க ரி. இரண்டாவது ப த ஸ த ஸ, இதில் வருவது மேல் ஸட்ஜம். இதை எழுதும்போது என் பழைய ஹார்மோனியத்தைத் திறந்து வாசித்துப் பார்த்தேன். இரண்டும் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தனித்தனியாக எடுத்தால் எந்த ஊர்க் குழந்தையும் முணுமுணுக்கக்கூடிய துணுக்குகள். இவை ஒருவருக்குச் சொந்தமாக முடியாது என்பதை நீதிபதியும் ஒப்புக்கொள்கிறார். அவர் பிடித்துக்கொண்டது அடுக்கை. 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டில் முதல் துணுக்கு நாலு தரம், அதன் பின்னால் இரண்டாவது துணுக்கு நாலு தரம். அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு ரிஷபம் லேசாக உரசிவிட்டுப் போகும், ப த ஸ த ரி ஸ என்று. ஹாரிசன் பாட்டில் முதல் துணுக்கு நாலு தரம், இரண்டாவது மூன்று தரம். அந்த ரிஷபம் அதே இடத்தில் அதே மாதிரி உரசுகிறது.

அந்த ஒரு உரசலை வாசித்தபோது என் கை கொஞ்சம் நின்றுவிட்டது. தற்செயலாக வரக்கூடிய ஒன்றாக எனக்கும் படவில்லை.

ஹாரிசன் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று 1976-இல் வந்த தீர்ப்பு தெளிவாகவே சொல்கிறது. அவர் முன்பு கேட்டிருந்த பாட்டு அது. நினைவு மறந்துபோனதை உள்மனம் வைத்திருந்து எடுத்துக் கொடுத்துவிட்டது என்கிறார் நீதிபதி. அதனால் உரிமை மீறல் இல்லை என்று ஆகிவிடாது என்றும் முடிக்கிறார். உங்களைக் கலங்கடித்தது இந்த இடம்தான். எனக்கோ இது ஆறுதலாகப் படுகிறது. மெட்டு எங்கிருந்து வருகிறது என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதை ஒரு நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. அந்த உத்தரவாதத்தைத்தான் நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொண்டு இத்தனை மாதமாக வதைபடுகிறீர்கள்.

ஏழு ஸ்வரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மோகனம் யாருக்கும் சொந்தமில்லை. அதில் பாடல் செய்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் திருடினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கச்சேரியில் ஒரு பாட்டின் எடுப்பைக் கேட்டதுமே பக்கத்தில் இருப்பவர் "ஓ, இதுவா" என்று தலையாட்டுகிறார் அல்லவா? ராகத்தைக் கேட்டு ஆட்டுவது வேறு, இது வேறு. "இதுவா" என்று ஆட்டுகிற அந்த இடம் ஒருவர் செய்து வைத்தது. நான் எல்லை போடுவது அங்கேதான்.

நீதிமன்றங்கள் எப்போதும் அங்கே போடுவதில்லை. ராபின் திக்கும் ஃபரெல் வில்லியம்ஸும் சேர்ந்து செய்த 'பிளர்ட் லைன்ஸ்' 2013-இல் வந்தது. மார்வின் கேயின் 1977 பாட்டான 'காட் டு கிவ் இட் அப்' போல இருக்கிறது என்று அவருடைய பிள்ளைகள் எதிர்த்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டின் உணர்வைக் கொண்டுவர நினைத்தேன் என்றுதான் ஃபரெலும் சொன்னார். 2015-இல் ஜூரி சுமார் 74 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அது சுமார் 53 லட்சமாகக் குறைந்தது. 2018-இல் மேல்முறையீட்டிலும் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு நின்றது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஜாக்குலின் நுயென், ஒரு பாணிக்கே காப்புரிமை கொடுத்துவிட்டோம் என்றார். நானும் அவர் பக்கம்தான். ஒரு காலகட்டத்தின் தாளமும் கலகலப்பும் அங்கே ஆடிய எல்லாருக்கும் உரியவை.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெரிய பாடகர்களையும் பயம் பிடித்துக்கொண்டது. எட் ஷீரன் 2022-இல் லண்டனில் ஒரு வழக்கில் ஜெயித்தபோது, இப்போதெல்லாம் பாட்டு எழுத உட்காரும்போதே எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். மெட்டு பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒரு சாட்சியை உட்கார வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய துன்பம்! அடுத்த வருடம் இன்னொரு வழக்குக்காக நியூயார்க்கில் கிதாரோடு சாட்சிக்கூண்டில் உட்கார்ந்து, நாலு கார்டு (chord, சேர்த்து வாசிக்கிற ஸ்வரக்கூட்டு) வரிசை ஒன்றை எத்தனை பாட்டுக்குப் போடலாம் என்று ஜூரிக்கு வாசித்துக் காட்டினார். அதிலும் ஜெயித்தார்.

இந்த வழக்குகளில் வாதி பக்கத்தைப் பாருங்கள். மூலப்பாட்டை எழுதியவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ரானி மேக், தன் பாட்டு முதலிடம் பிடித்த அதே 1963-இல் இறந்துபோனார். ஹாரிசன் மீது வழக்குப் போட்டது பதிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்தை 1978-இல் விலைக்கு வாங்கியவர் ஆலன் கிளைன். அவர் யார் தெரியுமா? வழக்கு தொடங்கியபோது ஹாரிசனுக்கே மேனேஜராக இருந்தவர். நஷ்டஈடு கிட்டத்தட்ட 16 லட்சம் டாலர் என்று 1981-இல் கணக்குப் போட்ட நீதிமன்றம், கிளைன் செய்த காரியத்தைப் பார்த்து, அவர் வாங்கிய விலையான 5,87,000 டாலருக்கு மேல் ஒரு காசும் அவருக்குக் கிடையாது என்றது. இரண்டு பாட்டையும் எழுதாத ஒருவரோடு சண்டை அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. 1932-இல் மேரியன் சிங்கிளேர் என்ற ஆசிரியை குக்கபரா பறவையைப் பற்றி ஒரு சின்னப் பாட்டு எழுதினார். குக்கபரா என்பது சிரிப்பது போலக் கத்துகிற பெரிய மீன்கொத்தி. அந்த ஊரில் அந்தப் பாட்டைப் பாடாத குழந்தை இல்லை. சுமார் 50 வருடம் கழித்து மென் அட் வொர்க் குழுவின் 'டவுன் அண்டர்' வந்தது. அதில் ஃப்ளூட் வாசித்த கிரெக் ஹாம், தன் மண்ணின் வாசம் வரட்டும் என்று ஒரு துண்டு வாசித்தார். அதற்குள் குக்கபரா பாட்டின் இரண்டு அடி ஒளிந்திருந்தது. அந்தப் பாட்டின் வீடியோவைப் பாருங்கள். ஹாம் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் மேல் உட்கார்ந்து ஃப்ளூட் வாசிப்பார். குக்கபரா பாட்டின் முதல் வரியிலேயே அந்தப் பறவை உட்கார்ந்திருப்பது யூகலிப்டஸ் மரத்தில்தான். ஒரு ஆஸ்திரேலியர் இன்னொரு ஆஸ்திரேலியரைப் பார்த்துக் கண்ணடிப்பதைப் போன்ற அன்பு அதில் எனக்குத் தெரிகிறது.

சிங்கிளேர் 1988-இல் இறந்தார். உரிமையைப் பிறகு வாங்கிய நிறுவனத்துக்கே இந்த ஒற்றுமை தெரியாது. 2007-இல் ஒரு டிவி வினாடிவினாவில் கேள்வியாகக் கேட்டபிறகுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். 2002-இலிருந்து வந்த ராயல்டியில் 5 சதவீதம் கொடுக்கவேண்டும் என்று 2010-இல் உத்தரவு. பணமாகப் பார்த்தால் பெரிய தண்டனை இல்லை. ஆனால் காப்பியடித்தவன் என்றே இனி என்னை நினைவு வைத்திருப்பார்கள் என்று ஹாம் ஒரு பேட்டியில் சொல்லி வருந்தினார். 2012 ஏப்ரலில் மெல்போர்னில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வழக்கால் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் பாட்டை எடுத்த அந்த ராத்திரியைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

அப்படியானால் எல்லாம் பணத்தாசைதான், திருட்டு என்று ஒன்று கிடையாதா? உண்டு. 1939-இல் ஜொஹானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். பாட்டின் கடைசிப் பகுதியில், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், உச்சத்தில் ஒரு மெட்டை அவர் வாயிலிருந்து எடுத்து விட்டார். உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அந்த மெட்டுக்கு அமெரிக்காவில் ஆங்கில வரி எழுதி 1961-இல் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆக்கினார்கள். உலகம் முழுக்கப் பாடியது. டிஸ்னியின் சிங்கப் படத்திலும் வந்தது. லிண்டா 1962-இல் ஏழையாக இறந்தார், அவர் குழிக்குக் கல் வைக்கக்கூடக் குடும்பத்திடம் காசில்லை. அவர் மகள்கள் சார்பில் வழக்குப் போட்டு, 2006-இல்தான் ஒரு உடன்பாடு வந்தது. இங்கேயும் எழுதியவர் உயிரோடில்லை, வாரிசுகள்தான் வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்து கேட்டது முழு நியாயம். தன் வாயால் பாடியவரின் பெயர் அட்டையில் இல்லாமல் அந்தப் பாட்டு நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது.

லிண்டாவின் மெட்டை எடுத்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஹாரிசனுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உயிரோடிருக்கும் இரண்டு பாட்டுக்காரர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டால் பல நேரம் சுலபமாக முடிந்துவிடுகிறது. சாம் ஸ்மித்தின் 'ஸ்டே வித் மீ' தன் பாட்டைப் போல இருப்பதாக டாம் பெட்டி தரப்பு சொன்னது. ஸ்மித் தரப்பு பாட்டில் அவர் பெயரையும், கூட எழுதிய ஜெஃப் லின் பெயரையும் சேர்த்து, ராயல்டியில் பங்கும் கொடுத்தது. பாட்டு எழுதுகிறவர்களுக்கு இப்படி நேர்வது உண்டு, ஒரு மனக்கசப்பும் இல்லை என்று பெட்டி சொன்னார். அவர் சொன்னதில் தொழில் தெரிந்தவரின் பெருந்தன்மை இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஹாரிசனோடு ஒரே குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி. 'யெஸ்டர்டே' மெட்டு அவருக்குத் தூங்கி எழும்போது வந்தது. இவ்வளவு சரளமாக வருகிறதே, வேறு யாருடையதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு மாதத்துக்கு இசைத்துறையில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்தார். "இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?" வரி அமையும்வரை 'ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்' என்று முட்டைப் பொரியலை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். யாரும் உரிமை கேட்டு வரவில்லை. 1965-இல் பாட்டு வெளிவந்தது.

உங்களுக்கு வந்த அதே பயம் அவருக்கும் வந்தது, கே. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கேட்டார். நீங்கள் அறைக்குள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு பல்லவியையும் ஸ்வரமாக எழுதிப் பாருங்கள். வெறும் கார்டு வரிசையும் தாளமும்தான் ஒன்று என்றால் உங்கள் பாட்டை மறுபடி ஏற்றிவிடுங்கள், யாருக்கும் நீங்கள் கடன்படவில்லை. மெட்டே அடியடியாக ஒத்துப்போனால் பல்லவியை மாற்றுங்கள். மாற்ற மனமில்லை, அது இல்லாமல் பாட்டே இல்லை என்றால், உரியவரிடம் எழுதி அனுமதி கேளுங்கள். அனுமதி வந்தால் அவர் பெயரைப் பாட்டிலேயே போடுங்கள். அடுத்த பாட்டை ஏற்றுவதற்கு முன் அந்த டிரம்ஸ் அண்ணனிடம்தான் முதலில் பாடிக் காட்டவேண்டும். உங்களுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கிறது. அப்படி ஒரு காது ட்ரூப்பிலேயே இருப்பது பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த இங்கிலீஷ் பாட்டு எது என்று நீங்கள் சொல்லவேயில்லை. அதன் பெயரையும் உங்கள் பாட்டையும் அனுப்புங்கள். ஹார்மோனியத்தை இன்னும் மூடவில்லை.

அன்புடன்.