புதிதாகக் கார் ஓட்டும் பதின்வயதினருக்கு ‘முன்னுணர்தல்’ ஏன் முக்கியம்?

முன்னுணர்தல் என்றால், ஆபத்து வருவதற்குள் அதன் அறிகுறியைப் பார்த்துக் காலை பிரேக் பக்கம் நகர்த்துவது. மதுரை மாட்டுத்தாவணி பக்கம் முன்னால் ஷேர் ஆட்டோ போகிறது. ஓரத்தில் ஓர் அம்மா பையோடு கை நீட்டுகிறார். ஆட்டோ சட்டென்று இடப்பக்கம் ஒடித்து நிற்கும் என்று பழகியவருக்குத் தெரியும். 18 வயதில் புதிதாக ஓட்டுபவர் அது நின்ற பிறகுதான் கவனிப்பார், ஏனென்றால் மனசு முழுக்க கிளட்ச், கியரில் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் தனி.

அடுப்பில் பால் ஓரம் நுரைக்கும்போதே அம்மா தீயைக் குறைப்பார். நாம் பொங்கிய பிறகு ஓடுவோம். அதே கதைதான்.

இது ஓட்டி ஓட்டித்தான் வரும். உரிமம் வாங்கிய பிறகும் சில மாதம் பக்கத்து சீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், போன் பின்சீட்டில் கிடக்கட்டும். கூட்டாளிகள் ஏறினால் கால் தானாக ஆக்சிலரேட்டரில் அழுந்தும் (நானும் அப்படித்தான் இருந்தேன்). ரிங் ரோட்டில் இரவு ஓட்டம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“சின்ன வயசு, கை கால் வேகம், சமாளித்துவிடுவான்” என்பார்கள். அந்த வேகத்தில் மிச்சமாவது அரை நொடிகூட இல்லை. கை நீட்டிய அம்மாவை முன்பே பார்த்தவருக்கு இரண்டு மூன்று நொடி கிடைக்கிறது.