தருமபுரியில் இருந்து ஒரு பெண் கால்பந்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் காரிமங்கலத்துக்காரர். மகள் எட்டாவது படிக்கிறாளாம், பள்ளி அணியில் ஆடுகிறாளாம். "அமெரிக்காவில் பெண்கள் கால்பந்து ஆடியே கோடீஸ்வரி ஆகிறார்கள் என்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைக்கு இது தொழிலாகுமா, இல்லை படிப்பும் போய் நடுத்தெருவில் நிற்பாளா?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணா, நான் பாலக்கோடு. பன்னிரண்டு வயதில் ஆட ஆரம்பித்து, இருபத்தைந்தில் கிளப் ஆட்டத்தை விட்டேன். லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவள். இந்தியாவுக்கு ஆடியதில்லை, பேப்பரில் என் படம் வந்ததில்லை. உச்சிக்குப் போனவர்களின் கதை உங்களுக்கு எங்கும் கிடைக்கும். நடுவில் நின்றவளின் கணக்கு வழக்கைத்தான் யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொழிலாகுமா என்றால், ஆகும். வருஷத்துக்கு மூன்று நான்கு மாசம். மீதி எட்டு மாசத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலே.

முதலில் அமெரிக்கா. அங்கே 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரிகளில் ஆண் பெண் பேதம் பார்க்கக்கூடாது, விளையாட்டிலும்தான் என்று. அதிலிருந்து நாற்பது வருஷம் கழித்து, 2013-ல் இப்போதிருக்கும் அவர்களுடைய பெண்கள் லீக் தொடங்கியபோதுகூடக் குறைந்தபட்சச் சம்பளம் ஒரு சீசனுக்கு 6,000 டாலர்தான். ஆட்டக்காரிகள் யார் யார் வீட்டிலோ தங்கி ஆடினார்கள். 2025-ல் அது 48,500 டாலர். தேசிய அணிப் பெண்கள் சம ஊதியம் கேட்டு வழக்குப் போட்டு, 2022-ல் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கோடீஸ்வரிகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம் ஊர் இந்திய மகளிர் லீக் 2016-17-ல்தான் ஆரம்பம். என் முதல் சீசன் 2018-19. இறுதிச் சுற்று முழுக்க லூதியானாவில், 2019 மே மாசம். மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சேலத்தில் ரயில் ஏறி இரண்டு ராத்திரிக்கு மேல் உட்கார்ந்து போய், பஞ்சாப் வெயிலில் ஆடி, எங்கள் கிளப் குரூப்பிலேயே வெளியே வந்தது. திரும்பிப் போக டிக்கெட் பிந்தியதால் இறுதி ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்துக் கோப்பையை வாங்கியது. கூச்சல் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் கிளப் தோற்ற துக்கமே மறந்துபோயிற்று, என்ன செய்ய, நம்ம பிள்ளைகள்.

பணம்? மொத்தமாக ஒரு தொகை பேசியிருந்தார்கள். பாதி முன்பணம். மீதிப் பாதி ஒன்பது மாசம் கழித்து, இருபது போன் போட்ட பிறகு வந்தது. கிளப் பேர் வேண்டாம்.

அப்பா அப்போது பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பெட்டி ஐநூறுக்குப் போகும், அடுத்த வாரம் பறித்த கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். என் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "உன் ஃபுட்பாலும் தக்காளி மாதிரிதாண்டி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மண்டிக்காரர் இல்லையா, விலை சொல்வது போலச் சொன்னார்.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023-ல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, லீக்கின் முதல் எட்டு கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று முடிவெடுத்தது. 2023-24, 2024-25 சீசன்களில் ஒரே ஊரில் கூட்டி வைத்து முடிக்காமல், சொந்த மைதானம், எதிரி மைதானம் என்று மாறி மாறி ஆடினார்கள். சீசன் மூன்று மாசத்துக்கு மேல் நீண்டது. 3.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாசம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளையோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஆடிய காலத்தில் அதுவும் இல்லை.

சரி, அந்த மீதி எட்டு மாசம். எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஒப்பந்தம் மே மாசத்தோடு முடிந்தது. ஜூலையில் ஓசூர்ப் பக்கம் ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட், அணிக்கு ஏழு பேர் ஆடுவது, ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய். காய்ந்த தரை, மேலே பொடி ஜல்லி. யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தை வெட்டித் திரும்பினேன், பாதம் தரையிலேயே நின்றது, முழங்கால் மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ரப்பர் பேண்ட் அறுந்த மாதிரி. அறுந்தது ஏ.சி.எல்., முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைக் கட்டிப் பிடிக்கிற நார். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இடுப்பு அமைப்பு, தொடைத் தசையின் பலம், இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது என்று காரணங்களை அடுக்குவார்கள். குதித்து இறங்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பெருமளவு தடுக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அதுவரை சொல்லிக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. கிளப் ஒப்பந்தத்தில் நான் இல்லாததால் ஆபரேஷன் செலவு வீட்டுத் தலையில். அம்மாவின் வளையல் இரண்டு போயிற்று.

அத்தை வந்து பார்த்துவிட்டு, "கறுத்துப் போனே, இப்ப நொண்டியும் ஆயிட்டே, எவன் கட்டுவான்" என்றார். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குப் பலம் அதிகம், உங்களுக்கே தெரியும். என் பள்ளி அணியில் பதினான்கு பேர் இருந்தோம். பன்னிரண்டாவது முடிக்கும்போது மூன்று பேர். மற்றவர்கள் ஆட்டம் வராமல் நிற்கவில்லை. வயசுக்கு வந்ததும் அரைக்கால் டிரௌசர் வேண்டாம் என்று நின்றவர்கள் பாதி, கல்யாணம் பேசி நின்றவர்கள் மீதி. எங்கள் கோல்கீப்பருக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு முடித்துவிட்டார்கள். அவளைவிட நல்ல கீப்பரை நான் லூதியானாவிலும் பார்க்கவில்லை.

பெரிய ஆட்டக்காரிகள் அந்த எட்டு மாசத்தை எப்படி ஓட்டினார்கள் என்று பாருங்கள். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. கொரோனா ஊரடங்கில் சென்னை ரோட்டில் டியூட்டி பார்த்தார். 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போன பாலா தேவி மணிப்பூர் போலீஸ். இந்தியாவிலேயே முதல் வரிசை ஆட்டக்காரிகள், அவர்களுக்கும் சோறு போட்டது காக்கிச் சட்டை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பஞ்சாபின் மனீஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸ் போய் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அப்புறம் கிரீஸ். ஆனால் மகளை மனீஷா ஆக்குகிறேன் என்று திட்டம் போடாதீர்கள். இந்துமதி மாதிரி என்று போடுங்கள், அதற்கே உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும்.

அதற்கு என்ன வேண்டும்? காகிதம். சிரிக்காதீர்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கில் 500 இடம் இருக்கிறது. இரண்டுக்கும் நீங்கள் அடித்த கோலை யாரும் பார்க்கப்போவதில்லை, சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். நான் தமிழ்நாடு ஜூனியர் அணிக்காக தேசியப் போட்டிக்குப் போனேன், ஆடியது மொத்தமே நாற்பது நிமிஷம். அந்தச் சான்றிதழில் என் இனிஷியல் 'எம்'முக்குப் பதில் 'என்' என்று இருந்தது. பதினேழு வயது, மெடலைத்தான் பார்த்தேன், எழுத்தை யார் பார்த்தது? ஆறு வருஷம் கழித்து வேலைக்கு விண்ணப்பித்தபோது, மார்க் ஷீட்டில் இருக்கும் பெண்ணும் சான்றிதழில் இருக்கும் பெண்ணும் வேறு வேறு என்று திருப்பிவிட்டார்கள். திருத்தி வாங்க நான்கு அலுவலகம், ஏழு மாசம். அதற்குள் அந்த வேலைக்கான தேதி முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் மகள் எந்த ஊர்ப் போட்டிக்குப் போய் வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் சான்றிதழை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். தேசியப் போட்டி என்றால், அந்த ஒதுக்கீட்டுக்குக் கேட்கிற ஃபார்ம்-2 படிவத்தைக் கையெழுத்தோடு அப்போதே வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பின்னால் மாறிப்போவார்கள்.

முழங்கால் ஆறி, 2022-ல் புவனேஸ்வரில் இன்னொரு சீசன் ஆடினேன். பழைய வேகம் இல்லை. விங்கர்கள் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடுவது ஒரு மாதிரியான வேதனை. அதோடு விட்டேன். பி.பி.எட். முடித்து இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். சம்பளம் சுமார்தான், ஆனால் பன்னிரண்டு மாசமும் வருகிறது.

வருத்தமா என்றால், இல்லை. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ராத்திரி, சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டாவது கோலுக்கு நான் எழுந்து குதித்து, இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் சரியாக இறங்கினேனா என்று பார்த்துக்கொண்டேன். அப்பா சிரித்தார்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவது என்பது நல்ல சமயம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு ஒவ்வொரு கோடையிலும் செலக்‌ஷன் வைப்பார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாப்பாடு, பயிற்சி, பள்ளி மூன்றும் கிடைக்கும். தூரம் அனுப்ப மனசு வரவில்லை என்றால் வீட்டில் இருந்தபடியே ஆடட்டும். களியும் கீரையும் நம் வீட்டில் இல்லாததா, கூட ஒரு முட்டை கொடுங்கள். படிப்பை விட வைக்காதீர்கள், ஆட்டத்தையும் விட வைக்காதீர்கள்.

நேரில் பார்க்காமல் அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு தருமபுரி கிரவுண்டில் இருப்பேன், பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். கூட்டி வாருங்கள். புது பூட்ஸ் வாங்கிவிடாதீர்கள், இந்த வயதில் ஆறு மாசத்தில் பத்தாமல் போகும். நான்காம் நம்பரில் ஒரு ஜோடி என்னிடம் சும்மா கிடக்கிறது. காலுறை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்.