விலை குறைந்த ஊரில் சொந்த வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் கட்டுப்படியாகவில்லை, வேறு எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஐ.டி. ஊழியர், வீட்டிலிருந்தே வேலை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. என் சம்பளம் 70,000, அவருடையது 25,000. பெருங்குடியில் வாடகைக்கு இருக்கிறோம். கோவை, மதுரை, திருச்சி, இந்த மூன்றில் எங்கே வீடு வாங்கலாம்?

சதுர அடி விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஊர் மாறினால் உங்கள் சம்பளம் அப்படியே வரும், மனைவியின் சம்பளம் வருமா? சின்ன ஊரில் வீட்டு விலை இறங்குகிற மாதிரியே தனியார் பள்ளிச் சம்பளமும் இறங்கும். அதனால் ஈஎம்ஐயை உங்கள் ஒருவர் சம்பளத்தில் மட்டும் கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பதை நிறுவனம் எழுத்தில் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலாளர் வாய்வார்த்தையை நம்பி 20 வருடக் கடன் வாங்கக் கூடாது.

கோவையில் வேலைவாய்ப்பு அதிகம், நாளைக்கு இந்த வேலை போனாலும் அங்கேயே இன்னொன்று தேடலாம். ஆனால் அவினாசி சாலை, சரவணம்பட்டி பக்கமெல்லாம் விலை சென்னைப் புறநகரை எட்டிப் பிடித்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள், வாங்கப் போகும் தெருவுக்கு அது வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்க வேண்டும். மதுரையில் ஆஸ்பத்திரி, கல்லூரி, உயர் நீதிமன்றக் கிளை எல்லாம் உண்டு. ஐ.டி. வேலை குறைவு.

உங்கள் நிலைமைக்கு நான் திருச்சியைச் சொல்வேன். காவிரித் தண்ணீர் இருக்கிறது. பகல் ரயிலில் நாலைந்து மணி நேரத்தில் சென்னை வந்துவிடலாம், ஆபீஸ் திடீரென்று கூப்பிட்டாலும் சமாளிக்கலாம். தில்லைநகர், கன்டோன்மென்ட் பக்கம் உங்கள் பட்ஜெட்டுக்கு வராது. பஞ்சப்பூரில் 2025-இல் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் விற்பவர்கள் எதிர்கால விலையை இப்போதே கேட்கிறார்கள். காட்டூர், திருவெறும்பூர் பக்கம் பாருங்கள். பெல் (பி.எச்.இ.எல்.) என்னும் மத்திய அரசுத் தொழிற்சாலையின் ஊழியர்கள் பல காலமாகக் குடியிருக்கும் பகுதி என்பதால் பள்ளி, கடை, பஸ் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பக்கம் வாங்கினாலும் கோரையாறு, குடமுருட்டி கரையோர மனைகளில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அங்கே வெள்ளம் வந்த வரலாறு உண்டு.

மதுராந்தகம் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் சதுர அடி 350 ரூபாய் என்று மனை விற்கிறார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ இருக்கிறதாம், பத்திரச் செலவும் அவர்களே ஏற்கிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), அல்லது சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), இவற்றின் அனுமதி எண் வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். இரண்டு எண்களையும் வாங்கி அந்தந்த இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். நோட்டீஸில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள்.

அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதிகள் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பத்திரம் பதிந்த மனைகளை வைத்துத்தான் அந்தச் சலுகை. ‘பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால் இந்தத் தேதியை அவரிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். அனுமதியில்லாத மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது, அது இல்லாமல் வங்கிக் கடனும் கிடைக்காது.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பல நேரம் ‘அ’ பதிவேட்டிலேயே, அதாவது எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவேட்டிலேயே, பதில் இருக்கும். சர்வே எண்ணைக் கொடுத்து வருவாய்த் துறை இணையதளத்தில் பாருங்கள். ஏரி, ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை, புறம்போக்கு என்று ஏதாவது ஒரு சொல் அந்த எண்ணுக்கோ அதன் உட்பிரிவுக்கோ எதிரில் இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். பட்டாவில் விற்பவர் பெயர் தனியாக இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்பதும் முக்கியம். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பி, அத்தை பெண் வரை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டிவரலாம். அந்த மனையின் மேல் நடந்த விற்பனை, அடமானம் எல்லாம் பதிவாகியிருக்கும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்கு எடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். லேஅவுட்டின் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கடைசியாகக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ரோடு இன்னும் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது என்று பொருள்.

பெங்களூரில் வேலை. ஓசூரில் வீடு வாங்கிப் போய்வரலாமா?

வேலை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒயிட்ஃபீல்டு, ஹெப்பால் என்றால் வேண்டாம். சில்க் போர்டு நெரிசலில் தினமும் மாட்டினால், விலையில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலிலும் உடம்பிலும் கொடுத்துவிடுவீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூரிலிருந்து ஆபீஸுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

30 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு பேசியிருக்கிறோம். கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதியை வங்கி தரும் என்று புரோக்கர் சொல்கிறார். சரிதானா?

சரியில்லை. இந்த இடத்தில்தான் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன, அதனால் கணக்கைப் பிரித்தே எழுதுகிறேன்.

30 லட்சம் வரையிலான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம். அது 27 லட்சம். அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் 30 லட்சம் பெறும் என்று எழுதினால்தான். பழைய கட்டடத்துக்கு அவர் 26 லட்சம் என்று எழுதினால் கடன் 23 லட்சத்து 40 ஆயிரம்தான், மீதி முழுக்க உங்கள் பொறுப்பு. பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்திருக்கும் மதிப்பு, பேசிய விலையை விட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சாதகமாக நடந்தாலே முன்பணம் 3 லட்சம், பத்திரம் 2,70,000. புரோக்கர் கமிஷன், வக்கீல், வங்கிக் கட்டணம், பெயிண்ட், பிளம்பிங் எல்லாம் சேர்த்தால் 7 லட்சமாவது கையில் வேண்டும். குறையும் பணத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கலாம் என்று புரோக்கர் சொல்வார். தயவுசெய்து எடுக்காதீர்கள். 27 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஈஎம்ஐ சுமார் 23,400 ரூபாய். அதன் மேல் இன்னொரு கடன் ஏறினால் மாதச் சம்பளம் வந்த அன்றே கரைந்துவிடும்.

அந்தத் தெருவில் இதே மாதிரி வீட்டுக்கு வாடகை என்ன? 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000, விலையில் நாலு சதவீதம்கூட இல்லை. இன்னும் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்து 3 லட்சம் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள், வேறு வீடு கிடைக்கும்.

வீட்டை மனைவி பெயரில் வாங்கினால் சலுகை உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஓய்வு பெற்றுவிட்டேன். 35 லட்சம் வந்திருக்கிறது. கும்பகோணத்தில் வீடு வாங்கி அமைதியாக இருக்க ஆசை.

நல்ல ஊர்தான் ஐயா. ஆனால் முழுப் பணத்தையும் செங்கல்லில் போட்டுவிடாதீர்கள். வைத்தியச் செலவு வந்தால் சமையலறையை மட்டும் விற்க முடியாது. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்த்தபிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று தெரிந்தபிறகு வாங்குங்கள். மாடிப்படி இல்லாத வீடாக, 20 லட்சத்துக்குள் முடித்துக்கொண்டு மிச்சத்தை வட்டி வருமானத்துக்கு விடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன், இந்தியக் குடியுரிமைதான். தஞ்சாவூர் பக்கம் வீடும் கொஞ்சம் வயலும் வாங்கலாமா? அண்ணனுக்குப் பவர் கொடுத்தால் போதுமா?

வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். வயல், தோப்பு, பண்ணை வீடு மூன்றையும் வெளிநாடுவாழ் இந்தியர் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் பெயரில் வயலை வாங்கி நாம் அனுபவிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பினாமிச் சட்டத்தில் (ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் சட்டம்) போய் முடியும், சொத்தும் போகும், அண்ணன் தம்பி உறவும் போகும்.

உங்களுக்காக அண்ணன் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ‘பொது அதிகாரம்’ என்று எழுதாமல், எந்தச் சர்வே எண், எந்த வீடு, வாங்குவதற்கு மட்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதில் அதிகாரம் கொடுக்க வேண்டாம். பணத்தையும் அண்ணன் கணக்குக்கு அனுப்பாமல், உங்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) கணக்கிலிருந்து நேராக விற்பவருக்கு அனுப்புங்கள்.