தைப் பனி தரையில், மாசிப் பனி மச்சில்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் கொட்டகலையில் இருக்கிறோம். கூரையைத் தூக்கி மேலே கட்டில் விரிக்கக்கூடிய பழைய வேன் ஒன்று வாங்கினோம். மேலே நானும் மனைவியும், கீழே அம்மாவும் ஒன்பது வயது மகனும் படுப்போம். போன மாதம் பட்டிப்பொலப் பக்கம் ஓர் இரவு தங்கினோம். ஆளுக்கு இரண்டு போர்வை இருந்தும் விடிய விடிய நடுக்கம். இப்போது இணையத்தில் 5 கிலோவொட் டீசல் ஹீற்றர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். கடைசியாக வாங்க வேண்டிய பொருளை நீங்கள் முதலில் பார்த்து வைத்திருக்கிறீர்கள்.

ஆளுக்கு இரண்டு போர்வை என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே என்ன விரித்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உங்கள் வேனில் தரையும் இருக்கிறது, மச்சும் இருக்கிறது. இரண்டு வழியாகவும் குளிர் ஏறியிருக்கிறது.

முதலில் தரை. போர்வையோ மெத்தையோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் மேலே படுத்ததும் அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடும். மெல்லிய ஸ்பொஞ்ச் மெத்தை முதுகுக்குக் கீழே அப்பளமாகிவிடும், அதன் கீழே இருப்பது வெறும் பலகை. மேல் கட்டிலில் இன்னும் மோசம், பலகைக்கு அடியிலும் குளிர்ந்த காற்றுதான். அதற்குப் பிறகு மேலே எத்தனை போர்வை போட்டாலும் முதுகு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

லயத்துக் காம்பராவில் எங்கள் அப்பாயி தை மாதம் வந்தால் சிமெந்துத் தரையில் முதலில் இரண்டு சாக்கு விரிப்பார். அதற்கு மேலே பாய், பாய்க்கு மேலே பழைய கம்பளி. புதுக் கம்பளி மட்டும்தான் போர்த்திக்கொள்ள. நல்ல கம்பளியைக் கீழே போட்டு வீணாக்கக்கூடாது, ஆனால் கீழே ஒன்றுமில்லாமலும் படுக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. பல வருடம் கழித்து ஒரு வாடகை வேனில், பலகைக் கட்டிலில் ஒரு பெட்சீட் மட்டும் விரித்து, மேலே மூன்று போர்வை போட்டு நடுங்கிக் கிடந்தபோதுதான் அப்பாயியின் சாக்கு எனக்கு விளங்கியது.

இப்போது அந்தச் சாக்கின் இடத்தில் வாங்க வேண்டியது தண்ணீர் உறிஞ்சாத கெட்டிப் போம் விரிப்பு. முகாம் பொருட்கள் விற்கும் கடையில் விரிப்பின் அட்டையில் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் குளிர் கீழிருந்து ஏறுவது குறையும். சாதாரணப் போம் விரிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 2 இருக்கும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். நம் மலை இரவுகளுக்கு 3 முதல் 4 வரை இருந்தால் போதும். ஊதிப் பெருக்கும் சாதாரணக் காற்று மெத்தையை வாங்கி ஏமாறாதீர்கள். உள்ளே காற்று சுற்றிச் சுற்றி வந்து சூட்டைக் கீழே கடத்திவிடும். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தால் அதற்கு மேலே போம் விரிப்பைப் போடுங்கள்.

அடுத்து மச்சு. கூரையைத் தூக்கியதும் சுற்றி நிற்பது ஒற்றைக் கென்வஸ் துணி. சூடான காற்று மேலே போகும், போன சூடெல்லாம் அந்தத் துணி வழியாக வெளியே போய்விடும். கென்வஸைச் சுற்றி வெளிப்புறமாகப் போர்த்த மெத்தென்ற உறை தைக்கலாம். சீற் உறை தைப்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார். காற்று வாங்கியை மூடிவிடாமல் ஒரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிகளுக்குத் தகரக் கூரைக்கு அடியில் அடிக்கும் வெள்ளித்தாள் ஒட்டிய போம் நல்லது. ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும். கண்ணாடி அளவுக்கு வெட்டி உள்பக்கம் அழுத்திச் சொருகினால் போதும். அம்மாவையும் மகனையும் கீழே படுக்க வைத்தது சரியான முடிவு, அதை மாற்ற வேண்டாம். நீங்கள் இருவர் மட்டும் போகும் நாளில் கூரையைத் தூக்கவே வேண்டாம், இறக்கிவிட்டுக் கீழேயே படுங்கள். ஒரு சதமும் செலவில்லாமல் வேன் பாதி சூடாகிவிடும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்குவதாக இருந்தால் பையின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் பாகையை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி சோதித்த பைகளில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு, இது ஒரு சராசரிப் பெண்ணை வைத்துக் கணக்கிடுவது. இரண்டாவது எல்லை, ஓர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. மூன்றாவது உயிர் தப்புவதற்கானது, தூக்கத்துக்கானது அல்ல. சில விற்பனையாளர்கள் இந்த மூன்றாவதைத்தான் முன்பக்கம் போடுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர், பட்டிப்பொல ரயில் நிலையம் 1891 மீற்றர். தை, மாசியில் வானம் தெளிந்த இரவில் 5 பாகைக்கும் கீழே போகும், பள்ளத்துத் தோட்டங்களில் கிழங்குச் செடி கருகும். ஆகவே நிம்மதி அளவு 0 முதல் 5 பாகைக்குள் இருக்கும் பை வேண்டும். அந்தக் கணக்கு பெரியவர்களுக்கானது, மகனுக்கு இன்னொரு படி கூடுதல் சூடு தரும் பையாகப் பாருங்கள். அம்மாவுக்கும் அப்படியே, வயதானவர்களுக்கு உடம்பு சூடாவது மெதுவாகத்தான். வாத்து இறகுப் பையை விட செயற்கை நார்ப் பை நம் ஊருக்கு ஏற்றது. இறகு நனைந்தால் உருண்டு சூட்டை விட்டுவிடும், நம் மலையில் ஈரமில்லாத இரவு எது?

நிறுத்தும் இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரை, மரக்கறித் தோட்டத்துப் பள்ளம் எல்லாம் படத்துக்கு அழகு, படுக்கைக்கு ஆகாது. சரிவின் நடுவில், மரம் காற்றை மறைக்கும் இடம் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குளிர்ந்தால் ஹீற்றருக்கு வருவோம். 5 கிலோவொட் உங்கள் வேனுக்குப் பெரிது. சின்ன இடத்தில் பெரிய ஹீற்றர் எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடும், அப்படி ஓடினால் உள்ளே கரி படியும். 2 கிலோவொட் போதும். அது முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழக் கால் லீற்றர் டீசல் குடிக்கும், மெதுவாக ஓடினால் ஓர் இரவுக்கு ஒரு லீற்றர் அளவில் முடிந்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைவு, ஆனால் பம்ப் அதே அளவு டீசலை அனுப்பும். சரியாக எரியாமல் புகையும் கரியும் வரும். பெயர்போன நிறுவனங்களின் கையேடுகளிலேயே 1500 மீற்றருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு உயரச் சீரமைப்பு வேண்டும் என்று இருக்கும். கொழும்பில் வாங்கி, கொழும்பிலேயே ஓட்டிப் பார்த்து 'நன்றாக வேலை செய்கிறது' என்று சொன்னால் அது உங்களுக்கான பதில் இல்லை. 'உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா? கையேட்டில் எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள். காட்டாவிட்டால் வாங்க வேண்டாம்.

பூட்டும்போது புகைக் குழாய் வேனின் அடியில் முடியாமல் ஓரத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும், திறந்த ஜன்னலுக்கும் கென்வஸுக்கும் கீழே வரக்கூடாது. மண்மேட்டை ஒட்டி நிறுத்தினால் புகை திரும்பி வரும். காய்ந்த மானாப்புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும், அந்தக் குழாய் அவ்வளவு சூடு. அணைக்கும்போது சுவிட்சால் அணைத்துவிட்டு, அது தானாகக் குளிர்ந்து நிற்கும் வரை பொறுங்கள். பற்றரி வயரைக் கழற்றி நிறுத்தினால் உள்ளே வெந்துபோகும்.

கேள்வி: லயத்தில் கரி போட்டுக் குளிர் காய்ந்துதானே வளர்ந்தோம்? வேனுக்குள் சின்னச் சட்டியில் கரி வைத்தால் என்ன? அல்லது காஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரிய விட்டால்? (தலவாக்கலை வாசகர்)

பதில்: வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். லயத்தில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி இருந்தது, அடுப்படிக்குப் புகை போக வழி இருந்தது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்த வேன் அப்படி இல்லை. கரி புகையாமல் எரிவதால்தான் ஆபத்து அதிகம். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டும் இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்குகிறவருக்குத் தலைவலி தெரியாது.

சமைக்கவும் கதவைத் திறந்து வைத்தே சமையுங்கள். நீளமான டின்னில் வரும் பியூட்டேன் காஸ், குளிரில் சரியாக ஆவியாகாது. விடியற்காலை அடுப்பு சோர்ந்து எரிந்தால் டின்னைத் தணலில் காட்டாதீர்கள். இரவு சட்டைக்குள் வைத்து எடுத்தால் போதும்.

டீசல் ஹீற்றர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஈஎன் 50291 என்ற எண் இருக்க வேண்டும், அதிலும் 50291-2 என்றால் வேன்களுக்கும் படகுகளுக்கும் சோதித்தது. பின்பக்கம் காலாவதித் திகதி இருக்கும். உள்ளே இருக்கும் உணரி சில வருடங்களில் செத்துவிடும், பொத்தானை அழுத்திச் சத்தம் வந்தாலும் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். உங்களைப் போல மேலும் கீழும் படுக்கிறவர்களுக்கு இரண்டு வேண்டும்.

கேள்வி: என் வேனில் 100 அம்பியர்-மணி பற்றரியும் இன்வேர்ட்டரும் இருக்கின்றன. வீட்டு அறை ஹீற்றர் போடலாமா, மின் போர்வை போடலாமா? (பண்டாரவளை வாசகி)

பதில்: அறை ஹீற்றர் முடியாது. அந்தப் பற்றரி நிறைந்திருந்தாலே ஏறத்தாழ 1200 வொட்-மணிதான். 1000 வொட் ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். சாதாரண ஈய பற்றரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கவும் கூடாது. 12 வோல்ட் மின் போர்வை 50, 60 வொட்தான் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 40 அம்பியர்-மணி வரை. ஒருவருக்குச் சரி, இருவருக்கு ஈய பற்றரி தாங்காது. படுக்கையை முன்கூட்டிச் சூடாக்கி, ஏறிப் படுத்ததும் அணைத்துவிடுங்கள்.

அதை விட நல்லது பார்மசியில் விற்கும் ரப்பர் சுடுதண்ணிப் பை. இரண்டு லீற்றர் தண்ணீர் 80 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஆறும்போது ஏறத்தாழ 115 வொட்-மணி சூட்டைப் படுக்கைக்குள் விடுகிறது, அதாவது மின் போர்வையின் இரண்டு மணி நேரம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், உள்ளே காற்றை வெளியேற்றி மூடி, துணி உறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். ரப்பர் வெடிப்பு விட்ட பழைய பையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் கென்வஸ் உள்பக்கம் சொட்டுகிறது. ஒழுகுகிறதா? (ஹப்புத்தளை)

பதில்: ஒழுக்கில்லை, உங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவில் அரை லீற்றர் வரை தண்ணீரை மூச்சிலும் வியர்வையிலும் விடுவார்கள், அது குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. எதிரெதிராக இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கொஞ்சம் குளிர் வரும், ஆனால் நனைந்த போர்வையை விட அது மேல். நனைந்த சுவெட்டரை உள்ளே காயப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கூரையைத் தூக்கி வெயிலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: 'நிம்மதி அளவு 5 பாகை' என்று சொல்லி விற்ற ஸ்லீப்பிங் பேக்கின் உள் லேபிளில் அது மூன்றாவது எண் என்று இருக்கிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (நானுஓயா)

பதில்: பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், உள் லேபிளின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். குளிர் காலம் முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பையையும் அதற்குள் துவைக்க வேண்டாம், லேபிள் அழிந்துவிடும்.