வில்லனுக்கும் அதே விதி: அறிவியல் புனைவுப் படங்கள் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வேலூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. அறிவியல் புனைவுப் படங்களில் ஹீரோவும் வில்லனும் ஏன் இப்படி அமைகிறார்கள் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். இந்த வகைப் படங்கள் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிஸ், தமிழ்ப் படமோ இங்கிலீஷ் படமோ, விஞ்ஞானின்னா தனியா ஒரு பெரிய லேப்ல உட்கார்ந்திருக்கார். பாதி படத்துல அவரே வில்லன். ஏன்? (காட்பாடி, பொறியியல் மாணவர்)

திரைக்கு ஒரு முகம் வேண்டும் தம்பி, அதனால்தான். 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் விஞ்ஞானி ரோட்வாங், 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் விஞ்ஞானி, இந்த இருவரும் போட்டுக் கொடுத்த அச்சு இன்னும் தேயவில்லை. இரவு, மின்னல், பூட்டிய அறை, கேள்வி கேட்க ஆளில்லாத மேதை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், படைக்கப்பட்ட அந்த உயிர் படிக்கும், பேசும், தன்னைப் படைத்தவனிடமே நியாயம் கேட்கும். 1931 படத்தில் அதற்குப் பேச்சே கிடையாது, உறுமல்தான். கதை திகில் படமாக மாறியபோது, வாதாடிய ஒரு பாத்திரம் பயமுறுத்தும் உருவமாகச் சுருங்கிவிட்டது. ஒரு வகைப் படத்தின் மரபு பாத்திரத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உண்மையான விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆலங்காயம் தாண்டிக் காவலூர் வானாய்வகத்துக்குப் போனால் போதும். 1988-இல், அது வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோதே, அந்த வானாய்வகத்தில் ஆர். ராஜமோகனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். எண் 4130, பெயர் ராமானுஜன். வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படம் பிடித்து, இடம் மாறிய புள்ளியைத் தேடுகிற வேலை அது. பல பேர், பல இரவுகள். அதைப் படமாக எடுத்தால் வில்லனும் கிடைக்கமாட்டான், தனி ஹீரோவும் கிடைக்கமாட்டான். அதனால்தான் சினிமா அந்தப் பக்கம் வருவதில்லை.

'எந்திரன்' படத்துல உண்மையான வில்லன் யாருங்க? நண்பர்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்குது. (ஆரணி)

என் பதில், சிட்டி என்ற இயந்திர மனிதனைப் படைத்த விஞ்ஞானி வசீகரன். சண்டை இன்னும் பெரிதாகும், தெரியும்.

கதையை வரிசையாக நினைத்துப் பாருங்கள். இயந்திரத்துக்கு உணர்ச்சி கொடுத்தது வசீகரன். அந்த உணர்ச்சி காதலானதும் கோபத்தில் அதை வெட்டிக் குப்பையில் எறிந்ததும் அவர்தான். இன்னொரு விஞ்ஞானி போரா அந்தக் குப்பையிலிருந்து எடுத்து, அதைக் கெட்டதாக்கும் சிவப்பு சில்லு (சிப்) பொருத்துகிறார், அவ்வளவுதான். ஷெல்லி எழுதிய அதே குற்றம்: படைத்தவன் படைப்பைக் கைவிடுவது. ஆனால் வசீகரனாகவும் சிட்டியாகவும் நடிப்பது ரஜினிகாந்த். நட்சத்திரப் படத்தின் மரபுப்படி பழி அவர் தலையில் விழக் கூடாது. எனவே பழி முழுவதையும் ஒரு சில்லின் மேல் ஏற்றிவிட்டார்கள். சில்லைக் கழற்றினால் சிட்டி மறுபடி நல்லவன்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1984-இல் 'டெர்மினேட்டர்' படத்தில் கொல்ல வந்த இயந்திரமாக நடித்தார் அர்னால்ட். 1991-இல் அடுத்த பாகம் வருவதற்குள் அவர் உலகம் கொண்டாடும் நட்சத்திரம். அதே வகை இயந்திரம் இப்போது காப்பாற்ற வந்தது. காரணம் கேட்டால், நிரலை மாற்றி எழுதிவிட்டார்களாம். நிரல், சில்லு என்று சொல்லி நட்சத்திரத்தைப் பழியிலிருந்து விடுவிக்க இந்த வகைப் படம் வசதி செய்து தருகிறது. சாதாரண குடும்பப் படத்தில் அப்படி முடியாது.

இருந்தாலும் தியேட்டரில் விசில் பறந்தது எதற்கு? கெட்ட சிட்டி ஆடு மாதிரிக் கத்திய இடத்துக்கு. 1976-இல் 'மூன்று முடிச்சு' படத்தில் வில்லத்தனத்தாலேயே கவனம் பெற்ற நடிகர் அவர். அந்தப் பழைய ரஜினியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்திருந்து, ஒரு சில்லைச் சாக்காக வைத்துத் திறந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தோட ஹால் 9000 கம்ப்யூட்டர் வில்லனா? (சத்துவாச்சாரி)

விண்கலத்தை இயக்கும் ஹால் அதிலிருக்கும் வீரர்களைக் கொல்கிறது, ஆனாலும் வில்லன் இல்லை என்பேன். பயணத்தின் உண்மையான நோக்கம் விழித்திருக்கும் இரண்டு வீரர்களுக்கும் சொல்லப்படவில்லை, ஹாலுக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியத்தை அதன் தலையில் கட்டியவர்கள் பூமியில் பத்திரமாக இருக்கிறார்கள்.

அக்கா, டைம் டிராவல் படங்கள்ல வில்லன் எப்படி இருந்தா நல்லா இருக்கும்? (குடியாத்தம்)

நான் அதிகம் பேச விரும்பும் கேள்வி இதுதான்.

ஹீரோவைக் கட்டுகிற விதி வில்லனையும் கட்ட வேண்டும். 'மாநாடு' (2021) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, சிம்பு நடித்த காலிக் மட்டும் நடந்ததை நினைவில் வைத்திருக்கிறான். அதுவரை அவன் கை ஓங்கி இருக்கிறது. எஸ்.ஜே. சூர்யாவின் தனுஷ்கோடியும் அதே சுழலுக்குள் விழுந்து, அவனுக்கும் எல்லாம் ஞாபகம் வர ஆரம்பித்ததும் படம் எழுந்து நிற்கிறது. இருவருக்கும் ஒரே நாள், ஒரே அறிவு. இனி யார் முந்தி யோசிக்கிறார்கள் என்பதுதான் சண்டை. அடிதடியால் ஜெயிக்கிற மாஸ் மரபு அங்கே செல்லுபடியாகவில்லை. எஸ்.ஜே. சூர்யா அந்தக் களைப்பையும் எரிச்சலையும் நடித்துக் காட்டியது, நம் ஊர் வில்லன் நடிப்பில் ஒரு புதுக் கதவு.

'இன்று நேற்று நாளை' (2015) இன்னொரு விதம். சாக வேண்டிய ரவுடி ஒருவன், கால இயந்திரத்தை வைத்துப் பிழைக்கப் பார்த்த இளைஞர்களின் கவனக்குறைவால் உயிரோடு தப்பிவிடுகிறான். அவனை வில்லனாக்கியது ஹீரோவின் செயல். கொஞ்சம் பணம் பார்க்கலாம் என்று நினைத்த சாதாரணப் பையன்களுக்கு இப்போது பொறுப்பு வந்துவிடுகிறது. அதிகச் செலவில்லாமல் அந்தப் படம் சாதித்தது இது.

'24' (2016) படத்தின் வில்லன் ஆத்ரேயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கையில் போன இருபத்தாறு ஆண்டுகள் அவனுக்குத் திரும்ப வேண்டும். எந்த நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் இருக்கிற ஆசை அது. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர்கள் இருக்கிற ஊர் இது, இங்கே அதை யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த ஆசையைப் படம் இன்னும் கொஞ்சம் மதித்திருந்தால் ஆத்ரேயா மறக்க முடியாதவன் ஆகியிருப்பான். நடிகர் சூர்யா (எஸ்.ஜே. சூர்யா அல்ல) ஏற்ற மூன்று வேடங்களில் ஒன்று வில்லன் என்றதும், அவனைக் கொடூரமாகக் காட்டி மற்ற இருவரையும் உயர்த்தும் வழக்கம் குறுக்கே வந்துவிட்டது.

வேற்றுக்கிரகவாசிகள் ஏன் எப்பவும் பூமியை அழிக்கவே வர்றாங்க? (ஆம்பூர், தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்)

எப்போதும் இல்லை ஐயா. தமிழில் 1963-லேயே 'கலை அரசி' வந்தது. அதில் வேறு உலகத்தார் பானுமதியைக் கடத்திப் போவது, தங்களுக்கு இல்லாத இசையைக் கற்றுக்கொள்ள! எம்.ஜி.ஆர். போய் மீட்டு வருகிறார். அமெரிக்காவில் பனிப்போர்ப் பயத்தில் படையெடுப்புக் கதைகள் பெருகியபோது, நம் படம் ராஜா ராணிக் கதை மரபிலிருந்து பிறந்ததால் ஆசைப்பட்டுக் கடத்துகிற வில்லனைத்தான் விண்ணுக்கு அனுப்பியது.

இப்போது அந்தத் திசை திரும்பிவிட்டது. 'அயலான்' (2024) படத்தில் வந்தவன் காப்பாற்ற வருகிறான், பூமியைத் துளைப்பவன் மனிதன், அதுவும் கம்பெனி முதலாளி. கம்பெனியே வில்லன் என்கிற இந்தப் போக்கு 1979-இன் 'ஏலியன்' தொடங்கி வளர்ந்து வருகிறது.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் ஒன்று சொல்கிறேன். பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' தொடுத்த வழக்கு. அதில் கோட்டு போட்ட தனி வில்லன் கிடையாது. நூற்றுக்கணக்கான ஆலைகள், அவற்றை நம்பிப் பிழைக்கும் உங்களைப் போன்ற குடும்பங்கள், கிணற்று நீர் கெட்ட விவசாயிகள். இதைச் சொல்ல நம் படங்களிடம் இன்னும் ஒரு வடிவம் இல்லை. கெட்ட முதலாளி ஒருவனை உயரத்திலிருந்து தள்ளிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது, ஆறு அப்படியே இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

சின்ன வயசுல இருந்து கூத்து பார்க்கிறவன் நான். நம்ம துரியோதனனுக்கும் இந்தப் பட வில்லன்களுக்கும் சம்பந்தம் உண்டாம்மா? (செய்யாறு)

வருகையில் உண்டு. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் விசாரிக்க, தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறான். 1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் புகைக்கு நடுவே டார்த் வேடர் நுழைவதும் அந்த அளவு தோரணையோடுதான்.

முடிவில்தான் பெரும்பாலான படங்கள் கூத்தைவிடக் குறைந்துபோகின்றன. பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனுக்கு ஒப்பாரி உண்டு. தோற்றவனுக்காக அழ இடம் வைத்திருக்கிறது நம் மரபு. அறிவியல் புனைவில் அப்படி ஓர் இடம் தந்த படம் 'பிளேட் ரன்னர்' (1982). தன்னை வேட்டையாட வந்தவனைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றிவிட்டு, மழையில் அமர்ந்து உயிர் விடுகிறான் அந்தச் செயற்கை மனிதன். ஐயா, நீங்கள் அவசியம் அதைப் பார்க்க வேண்டும்.

ஹீரோயினுக்கு இந்தப் படங்கள்ல வேலையே இல்லையே மிஸ்? (வேலூர், கல்லூரி மாணவி)

'ஏலியன்' திரைக்கதையை எழுதியவர்கள், பாத்திரங்களை ஆண் நடித்தாலும் பெண் நடித்தாலும் பொருந்தும் என்று குறித்து வைத்தார்கள். அந்தப் படத்தின் நாயகி ரிப்ளி அப்படித்தான் பிறந்தாள். நம் படங்களில் பெண், ஹீரோவும் வில்லனும் மோதுவதற்கு ஒரு காரணம். 'எந்திரன்' படத்தில் வசீகரனின் காதலி சனா அப்படி. எழுதும்போதே பெயரை மறைத்து எழுதிப் பாருங்கள், யாருக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நாங்க நாலு பேர் சேர்ந்து கோட்டையில ஒரு டைம் டிராவல் குறும்படம் எடுக்கிறோம். பட்ஜெட் கிடையாது. வில்லனை எப்படி எழுதுறது அக்கா? (வேலூர்)

முதலில் உங்கள் இயந்திரத்தால் எது முடியாது என்று எழுதுங்கள். எத்தனை முறை போகலாம், என்ன விலை கொடுக்க வேண்டும், எதைக் கொண்டுவர முடியாது. அந்தத் தாளை வில்லனாக நடிப்பவரிடம் முதலில் கொடுங்கள். ஹீரோவுக்குத் தெரியும் முன்பே அவனுக்கு அந்த விதி தெரிந்திருக்கட்டும். கடைசிக் காட்சியில் ஹீரோவுக்காக மட்டும் விதியைத் தளர்த்தத் தோன்றும், அங்கே உறுதியாக இருங்கள்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் முன் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். படம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.