கம்யூனிகேஷன் படிப்பு, கல்லூரிக் கடன்: கேட்டவையும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும் அங்கே படிக்கப் போகிறவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

மகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பெயர் பெற்ற ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அமெரிக்க அரசின் இணையதளத்தில் இரண்டுக்கும் கடன் தொகை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் தனியாரில் சேர்க்க என்ன யோசனை?

அவசரப்படாதீர்கள். அந்தக் கடன் எண்ணில் இருப்பது மாணவர் தன் பெயரில் வாங்கிய அரசுக் கடன் மட்டும்தான், அதற்கோ சட்டமே வரம்பு போட்டிருக்கிறது: பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் வருடம் 5,500 டாலர், அடுத்து 6,500, பிறகு இரண்டு வருடம் 7,500, ஆக நான்கு வருடத்துக்கு 27,000. கட்டணம் இருபதாயிரமாக இருந்தாலும் அறுபதாயிரமாக இருந்தாலும் மாணவர் பெயரில் இதற்கு மேல் ஏறாது என்பதால்தான் எல்லாக் கல்லூரியும் ஒரே உயரத்தில் தெரிகின்றன. மிச்சப் பணம் அப்பா அம்மா தலையில் பேரன்ட் பிளஸ் என்று அரசு பெற்றோருக்குத் தரும் கடனாகவோ தனியார் வங்கிக் கடனாகவோ உட்காரும், அது அந்த எண்ணில் வராது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 2025-26 வட்டியான 6.39 சதவீதத்தில் 27,000 டாலரைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 305 டாலர் ஆகும். படிக்கும்போது ஏறும் வட்டி தனி. பேரன்ட் பிளஸுக்கு அதே வருடத்து வட்டி 8.94 சதவீதம், கொடுக்கும்போதே நாலு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. அந்த வரம்பு வரை அதே வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் அதற்கு மட்டும் மாதம் சுமார் 820 டாலர். மகள் நன்றாகச் சம்பாதித்தாலும் அந்தக் கடனை அரசு அவள் பெயருக்கு மாற்றித் தராது, அவள் தனியாரிடம் புதுக் கடன் வாங்கி அதை அடைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் நீங்கள் ஓய்வுபெறும் வயதில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பொறியியலில் எப்படியோ, கம்யூனிகேஷனில் முதல் வேலை கல்லூரிப் பெயரை விட இன்டர்ன்ஷிப்பையும் செய்து காட்டிய வேலைகளையும் பார்த்தே கிடைக்கிறது என்பது என் எண்ணம். அதனால் தனியாருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்: மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, கூடுதல் உதவி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, நிறையப் பேர் கேட்கிறார்கள். இறங்கி வரவில்லையா, மாநிலப் பல்கலைக்கழகமே சரி.

பிஆர் (மக்கள் தொடர்பு) வேலைக்கு 70,000 டாலர் சம்பளம் என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு வருமானம் வந்தால் 60,000 கடன் பெரிய விஷயமா?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதத்துக்குச் சொல்லும் நடுச் சம்பளம் அது, செய்தியாளர்களுக்குச் சுமார் 60,000. அதாவது அந்த வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழே. இருபது வருடம் அனுபவம் உள்ளவரும் அதில் அடக்கம். தவணையோ படிப்பு முடிந்த ஆறே மாதத்தில் தொடங்கிவிடும், அப்போது உங்கள் கையில் இருப்பது புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளம். போதாக்குறைக்கு, கம்யூனிகேஷன் முடித்த எல்லாரும் பிஆருக்குப் போவதில்லை, விற்பனை, மனிதவளம், அலுவலக நிர்வாகம் என்று சிதறிப் போகிறார்கள்.

வேலையை வைத்துத் தேடாமல் படிப்பை வைத்துத் தேடுங்கள். ஸ்கோர்கார்டில் ஒரே கல்லூரிக்குள் ஜர்னலிசம், பிஆர்-விளம்பரம், பொதுவான கம்யூனிகேஷன் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். அரசு உதவி பெற்றவர்களின் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு, சம்பளம் மெதுவாக ஏறும் இந்தத் துறைக்கு அதுவே அதிகம். நான் மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்தச் சொல்வேன்.

இரண்டாம் வருடம் படிக்கிறேன். தனியார் வங்கி கடன் தருகிறது, மாமா ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார். வாங்கலாமா?

அரசுக் கடன் வரம்பு முழுதும் தீர்ந்த பிறகு யோசியுங்கள், அதற்கு முன் வேண்டாம். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி மாமாவைத்தான் பிடிக்கும், இதை அவரிடம் தெளிவாகச் சொன்னீர்களா?

லாப நோக்கில்லாத அமைப்பில் பத்து வருடம் வேலை பார்த்தால் கடன் தள்ளுபடியாமே?

உண்மைதான், 2007-ல் வந்த திட்டம். தகுதியான தவணைத் திட்டத்தில் 120 மாதம் கட்டி முடித்தால் மீதி அரசுக் கடன் தள்ளுபடி, மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றில்லை. மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் செய்தித்தொடர்பு வேலை இருப்பதால் நம் துறைக்கு இது நிஜமாகவே பொருந்துகிற வழி. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று வருடம் ஒரு மருத்துவமனையில் தினமும் போய் உட்கார்ந்து அவர்களுடைய செய்திமடலைத் தயாரித்தார், கழுத்தில் மாட்டிய அட்டைகூட மருத்துவமனையுடையது. சம்பளச் சீட்டு மட்டும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில். முப்பத்தாறு தவணையில் ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை. வருடா வருடம் முதலாளியிடம் சான்றுப் படிவம் வாங்கி அனுப்பியிருந்தால் முதல் வருடமே தெரிந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து கடன் வாங்கி அங்கே எம்.ஏ. கம்யூனிகேஷன் படிக்கலாமா?

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்கு அமெரிக்க அரசுக் கடன் கிடையாது, மேலே சொன்ன சலுகை எதுவும் உங்களுக்கு இல்லை. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம். ரூபாய்க் கடனை டாலர் சம்பளத்தில் அடைக்கலாம் என்ற திட்டத்துக்கு அது மிகவும் குறைவு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். சாதாரணக் கம்யூனிகேஷன், ஜர்னலிசம் அதில் இல்லை, அரசு படிப்புகளுக்குக் கொடுக்கும் எண்களில் 09.0702 என்ற குறியீட்டில் வரும் டிஜிட்டல் கம்யூனிகேஷன்-மல்டிமீடியா இருக்கிறது. பாடத்தின் பெயரில் டிஜிட்டல் என்று இருந்தால் போதாது, குறியீடு என்ன என்று துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சிட்டு வரும், ஆனால் அதற்குள் வங்கியில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.